நீ அங்கே எதற்குப் போனாய்?

(வட்டக்கோட்டையில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் விபசாரத்தைப் பற்றியும், அதைக் காட்டிப் பணம் சேர்க்கும் சினிமாவைப் பற்றியும் பேசப் போவதாகத் தலைவர் சொன்னார். கூட்டம் ஆரம்பிக்கு முன்பே ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, பெண்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், இந்தப் பேச்சு இன்றைக்கு வேண்டுமா?" என்று கேட்டார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். ஆனால் இந்திரன் பிறன் வீட்டுக்குள் வேஷம் மாறி நுழைந்த கதையைப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். சுவரில் ஒட்டியிருக்கும் சினிமா நோட்டீசைப் பள்ளிக்கூடம் போகிற பெண் தினந்தோறும் பார்த்துக்கொண்டு போகலாம். அது எதற்காக அங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று யோசிப்பது மாத்திரம் கூடாது என்றால், அது என்ன நியாயம்? ஆகையால் பெண்கள் இருக்கிற கூட்டத்தில்தான் இதைப் பேசவேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஆண்கள் மட்டும் கூடி இதைப் பேசுவது நெடுநாளாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் யாருக்கும் ஒரு நன்மையும் ஏற்பட்டதில்லை.

நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. எட்டாம் வகுப்போடு நின்று சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டப் போனவன். வாசகசாலையிலும் பழைய புத்தகக் கடையிலும் கிடைத்ததை வாசித்துத் தெரிந்துகொண்டதுதான் எனக்குள்ள படிப்பு. ஆகவே நான் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் அனுபவத்தோடு வைத்துப் பாருங்கள். பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள், பொருந்தாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

டீக்கடையில் நடந்தது

முதலில் என் குற்றம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு ஊரார் குற்றத்திற்கு வருகிறேன்.

சுமார் 20 வருஷத்திற்கு முன் எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெண். தகப்பன் பனையேறி, மரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்டான். அவளுக்குக் கீழே ஒரு தம்பியும் இரண்டு தங்கையும். வடக்கே ஒரு பட்டணத்தில் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒரு புரோக்கர் அழைத்துப் போனான். நாலு வருஷம் மாதம் தவறாமல் மணியார்டர் வந்தது. ஓலை வீடு ஓட்டு வீடாயிற்று. தம்பி படித்தான். ஒரு தங்கைக்குக் கலியாணமும் ஆயிற்று. "என்ன வேலை பார்க்கிறாய் அம்மா?" என்று அந்த நாலு வருஷமும் வீட்டிலே ஒருவரும் கேட்கவில்லை. பணம் வருகிற வரைக்கும் கேள்வி வராது என்பதைக் கவனியுங்கள்.

பிறகு அவள் திரும்பி வந்தாள். வந்து ஒரு மாதம் ஆவதற்குள் டீக்கடையில் ஒருவன் சொன்னான்: "லே மக்கா, இவளை நான் அங்க பாத்திருக்கேம்லா. எந்தத் தெருவுல பாத்தேன்னு சொல்லட்டா?" என்று. எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுவதும் பரவியது. மறுநாள் அவள் மணியார்டரில் கட்டின வீட்டுக் கதவை அவள் தம்பியே அவள் முகத்தில் சாத்தினான். படித்த தம்பி! அவள் ஒரு பெட்டியோடு பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த டீக்கடை பெஞ்சியில் நானும் உட்கார்ந்திருந்தேன். பெண்ணுரிமை பற்றி மேடையில் பேச ஆரம்பித்துவிட்ட காலம் அது. எனக்கு அப்போது கேட்கத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "அவள் அங்கே இருந்தாள், சரி, நீ அங்கே எதற்குப் போனாய்?" நான் கேட்கவில்லை. அங்கிருந்த பதினைந்து பேரில் ஒருவனும் கேட்கவில்லை. அவனும் சாட்சி சொல்லுகிறவனைப்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தான். வாங்கினவன் சாட்சியாகவும் நீதிபதியாகவும் ஆகிவிட்டான், விற்கப்பட்டவள் குற்றவாளியாகிவிட்டாள்.

நான் இன்று பேசப் போவதெல்லாம் அன்று கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

சினிமாக்காரர் செய்யும் உபகாரம்

இக்கேள்வியைச் சினிமாவாவது கேட்டதா என்று பார்ப்போம்.

நமக்கு மேற்கே மலையாளத்தில் 1978-ம் வருஷம் "அவளுடெ ராவுகள்" என்று ஒரு படம் வந்தது. ஐ. வி. சசி எடுத்தது; ஆலப்புழை ஷெரீப் கதை எழுதியது; சீமா என்ற புது நடிகை கதாநாயகி. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ஜனங்களுக்கு மலையாளம் அந்நிய பாஷையல்ல. 1956 நவம்பர் 1-ந் தேதி வரைக்கும் நாமெல்லோரும் திருவாங்கூரோடு இருந்தவர்கள்தானே. ஆகவே அப்படத்தின் பெயரை இங்கே கேள்விப்படாத ஆண்பிள்ளைகள் குறைவு. வயது வந்தவர்களுக்கு மட்டும் என்ற முத்திரையோடு வந்த படம். விளம்பரத்தில் சீமா ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு நிற்பார். அந்த ஒரு விளம்பரமே நூறு நாள் வேலை செய்தது.

பிற்காலத்தில் அதைக் காலைக் காட்சியாகத் திரும்பப் போட்டபோது, எனக்குப் பதினெட்டு வயதிருக்கும், நானும் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்பீர்கள். சட்டை விளம்பரத்தைப் பார்த்துத்தான் போனேன், பொய் சொல்லுவானேன்? உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறாக இருந்தது. ராஜி என்று ஒரு பெண். தாய் தகப்பன் இல்லாதவள். ஒரு தம்பியைப் படிக்க வைக்கவேண்டும். அதற்காகத் தன் உடம்பை விற்கிறாள். வேறு வழி அவளுக்கு யாரும் வைக்கவில்லை. அவளுக்கும் ஒருவனிடம் ஆசை பிறக்கிறது. அவளும் மரியாதையாக வாழ ஆசைப்படுகிறாள். இதுதான் கதை. அழவேண்டிய கதை. ஆனால் கொட்டகையில் என்ன நடந்தது? அவள் அழுத இடத்தில் சீட்டியடித்தார்கள். கதை நடக்கிற இடத்தில், "இதையெல்லாம் வெட்டு, பிட்டைப் போடு" என்று கூச்சலிட்டார்கள். கொடுத்த காசுக்குச் சரக்கு குறைந்துவிட்டது என்ற கோபம்!

படம் விட்டது. வெளியே வரும்போது நான் கண்ட காட்சியை இன்றைக்கும் மறக்கவில்லை. அத்தனை ஆண்களும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வெயிலில் ஓடினார்கள். எங்கள் ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவரும் அதில் இருந்தார்; செருப்பை வைத்து அடையாளம் கண்டேன். நானும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் வந்தேன். திரையிலே அவள் உடம்பை ஊரெல்லாம் பார்த்தது. கொட்டகை வாசலிலே ஒருவன் முகத்தையும் பார்க்க முடியவில்லை. விபசாரத்தின் முழு வியாபார ரகசியமும் அந்தத் துண்டுக்குள் இருக்கிறது, தோழர்களே!

இதற்காக மலையாளப் படக்காரரை மட்டும் குறை சொல்லுவதில் பிரயோஜனமில்லை. நாகரிகத்துக்குப் பேர்போன இங்கிலாந்திலும் இதே வியாபாரம் நடந்திருக்கிறது. 1957-ல் "உடல் பலவீனமானது" என்ற பொருள்படும் பெயரோடு ஒரு படம். லண்டனுக்கு வந்த ஓர் இளம்பெண்ணைக் காதல் பேசி விபசாரத்தில் தள்ளுகிற கூட்டத்தைப் பற்றியது. 1958-ல் "அவமானத்துக்கு ஒரு பாஸ்போர்ட்" என்று மற்றொரு படம்; பிரஞ்சுப் பெண் ஒருத்தியை ஏமாற்றி, ஒரு டாக்சிக்காரனுக்குப் பொய்க் கலியாணம் செய்து வைத்து லண்டனில் விற்கப் பார்க்கிற கதை. சிறு முதலில் எடுத்துப் பெரு லாபம் தேடுகிற படங்கள். இரண்டாவது படத்தின் ஆரம்பத்தில் ஹாஸ்யம் என்னவென்றால், ராபர்ட் ஃபேபியன் என்ற ஓய்வுபெற்ற ஸ்காட்லாண்டு யார்டு துப்பறியும் அதிகாரி திரையில் தோன்றி, இது சமூகத்துக்கு எச்சரிக்கை என்கிற தோரணையில் ஒரு முன்னுரை சொல்லுகிறார். அதற்குப் பிறகு ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்க வந்தது ஆரம்பமாகிறது. நம் ஊரில் கள்ளுக்கடைக்காரன் வாசலில் சாமி படத்துக்கு மாலை போட்டு வைப்பதில்லையா? அதுபோலத்தான்.

இங்கேயும் அங்கேயும் சூத்திரம் ஒன்றுதான்: ஒரு கையில் உபதேசம், மறுகையில் விளம்பரம். ஏமாற்றுகிற புரோக்கரைக் காட்டுவார்கள், அவன் வில்லன். ஏமாந்த பெண்ணைக் காட்டுவார்கள், அவள் பாவம். ஆனால் புரோக்கருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? சம்பளம் வாங்கி, குடும்பம் நடத்தி, கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போய்வருகிற சாதாரண ஆண்பிள்ளை கொடுக்கிற பணந்தானே அது? அவனை மட்டும் காட்டமாட்டார்கள். ஏன்? அவன்தான் டிக்கட் வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறான்!

சட்டத்தின் யோக்கியதை

சினிமா வியாபாரம், அதை விடுங்கள். சட்டம் கேட்டதா?

அந்தப் படங்கள் ஓடின காலத்திலேயே, 1959-ல், பிரிட்டிஷ் பார்லிமெண்டு தெருக் குற்றச் சட்டம் என்று ஒன்று செய்தது. அதுவரைக்கும் தெருவில் நின்று அழைத்த பெண்ணுக்கு அபராதம் 40 ஷில்லிங். புதுச் சட்டம் அதை முதல் தடவைக்கு 10 பவுன், இரண்டாந் தடவைக்கு 25 பவுன், அதற்கு மேல் மூன்று மாதம் வரை ஜெயில் என்று உயர்த்திற்று. சரி, மோட்டார் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து பெண் தேடின ஆணுக்கு? 1985-ம் வருஷத்துச் சட்டம் வந்த பிறகுதான் அது குற்றமாயிற்று. நின்றவளைப் பிடித்த பிறகு, வந்தவன் நினைவுக்கு வர 26 வருஷம் ஆயிற்று!

அதற்கு நூறு வருஷம் முந்தியும் இதே கதைதான். பட்டாளத்துச் சோல்ஜர்களுக்கு மேகவியாதி பரவுகிறதென்று இங்கிலாந்தில் 1864-லும், இந்தியாவில் 1868-லும் தொற்றுநோய்ச் சட்டம் செய்தார்கள். பெண்ணைப் பிடித்துப் பலவந்தமாக வைத்தியப் பரிசோதனை செய்யலாம். வியாதியிருந்தால் அடைத்து வைக்கலாம். சோல்ஜரைப் பரிசோதிக்கச் சட்டம் சொல்லவில்லை. நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவதாயிருந்தால், பாதிப் பேரை மட்டும் சோதித்து என்ன பயன்? இந்தச் சாதாரண அறிவு படித்த மந்திரிகளுக்கு இல்லை. ஜோசபின் பட்லர் என்ற அம்மையாருக்கு இருந்தது. அவர் ஊர் ஊராகப் போய், கல்லடியும் வசவும் பட்டுப் போராடினதன் பிறகு, 1886-ல் அந்தச் சட்டம் இங்கிலாந்தில் ரத்தாயிற்று. 1888-ல் இந்தியாவிலும் ரத்தாயிற்று.

வெள்ளைக்காரன் போய்விட்டான், நம் சட்டத்தைப் பார்ப்போம். 1956-ல் பார்லிமெண்டு செய்து, 1986-ல் திருத்திய ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அதன் 8-வது பிரிவு, பொது இடத்தில் விபசாரத்துக்கு அழைப்பதைப் பற்றியது. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை, மறுபடியும் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை. இதைச் செய்தவர் ஆணாயிருந்தால்? அதற்கென்று தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: ஏழு நாளைக்குக் குறையாமல், மூன்று மாதம் வரை. ஆணுக்குக் குறைந்தபட்சம் ஏழு நாள் உண்டு என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் மேல் எல்லையில் பாதியாகவும் காலாகவும் குறைந்ததற்கு என்ன காரணம்? எடை போட்ட தராசு யார் வீட்டுத் தராசு என்றுதான் கேட்கிறேன்.

நியாயத்தையும் சொல்லவேண்டும். 2022 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம், இத்தொழிலில் உள்ள பெண்களும் மனிதர்கள். கௌரவமாக வாழ அரசியல் சட்டம் கொடுத்த உரிமை அவர்களுக்கும் உண்டு. விடுதிகளைச் சோதனையிடும்போது தம் இஷ்டப்படி இருக்கிற வயது வந்த பெண்களைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது. பத்திரிகைக்காரர் அவர்கள் முகத்தையும் பெயரையும் வெளியிடக் கூடாது என்று உத்தரவிட்டது. டீக்கடைப் பெஞ்சிக்கும் இந்த உத்தரவு வந்து சேரவேண்டும் என்பதே என் ஆசை.

கோயில் செய்த காரியம்

"இதெல்லாம் வெள்ளைக்காரன் நாகரிகத்தால் வந்த கேடு, நம் பழைய தர்மத்தில் இது கிடையாது" என்று சிலர் சொல்லுவார்கள். தோழர்களே, இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சுசீந்திரம் போய்விடலாம். அந்த ஊருக்கு அப்பெயர் எப்படி வந்தது என்று ஸ்தல புராணம் சொல்லுகிறது தெரியுமா? இந்திரன் கௌதம முனிவர் பெண்டாட்டியிடம் வேஷம் போட்டுப் போய்ச் சாபம் வாங்கி, அந்தப் பாவம் தீர இங்கே வந்து கொதிக்கிற நெய்யில் மூழ்கிச் சுத்தியடைந்தானாம். இந்திரன் சுசியான இடம் சுசீந்திரமாம். குற்றம் செய்த ஆணுக்குச் சுத்தி. அவன் பேரால் ஒரு ஊர். அவ்வூருக்கு ஒரு கோபுரம். ஏமாந்த அகலிகைக்கு என்ன? கல்லாகக் கிடக்கும்படி சாபம்! கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் ஒரு சமூகம் எப்படிக் கதை கட்டுகிறதோ அப்படித்தான் காரியமும் செய்யும்.

அந்தக் கோயிலிலேயே தேவதாசிகள் இருந்தார்கள். சாமிக்குப் பொட்டுக்கட்டிய பெண் என்று பேர். ஆடவும் பாடவும் வேலை, அதற்கு மானியம். கல்லுச் சாமி புருஷனாக வருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சாமி பேரைச் சொல்லிப் பணக்காரனும் அதிகாரியும் வந்தார்கள். பிறந்த பெண்குழந்தையையும் அதே வழிக்கு அனுப்பினார்கள். திருவாங்கூரில் சேது லட்சுமி பாய் ராணியார் 1924 முதல் 1931 வரை ஆண்ட காலத்தில் இது நிறுத்தப்பட்டது. சென்னை மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் சட்டசபையில் நின்று வாதாடி, 1929-ல் தாசிகளின் மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவிக்கும் சட்டம் கொண்டுவந்தார். பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947-ல்தான் வந்தது. சாஸ்திரம் போய்விடும், கலை அழிந்துவிடும் என்று எதிர்த்து நின்றவர்கள் படித்த ஆண்கள். அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்திக்காவது அந்தக் கலைக்காகப் பொட்டுக்கட்டுவார்களா என்று கேட்டால் பதில் இல்லை.

அக்குலத்தில் பிறந்து, அதன் துன்பத்தை அனுபவத்தில் அறிந்த மூவலூர் இராமாமிர்தத்தம்மையார், 1936-ல் "தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்" என்று ஒரு நாவல் எழுதினார். அந்தத் தலைப்பைக் கவனியுங்கள். தாசியை மாத்திரம் அவர் பேசவில்லை. மைனருக்கும் மதி வரவேண்டும் என்றார். வாங்குகிறவனைத் தலைப்பிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். பெரிய பெரிய சினிமாக்காரருக்கு வராத தைரியம் பள்ளிப் படிப்பு அதிகமில்லாத அந்த அம்மையாருக்கு வந்தது.

இன்னொரு விஷயம். இதே நாட்டில் நாடார் குலப் பெண்கள் மார்பை மூடக்கூடாது என்று தடுத்து, மூடினவர்களின் சீலையைத் தெருவில் கிழித்தார்கள். நம் பாட்டிமாரின் பாட்டிமார் அடிபட்டுப் போராடின பிறகு, 1859-ல் திருவாங்கூர் அரசாங்கம் இறங்கிவந்து மூட அனுமதித்தது. அப்போதுங்கூட மேல்ஜாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. பெண்ணைப் பார்த்து மூடாதே என்றவனும் ஆண். மூடாமல் வெளியே வராதே என்கிறவனும் ஆண். காசு தருகிறேன், கொட்டகையில் திறந்து காட்டு என்கிறவனும் ஆண். அவள் சீலையைப் பற்றி அவளை ஒரு வார்த்தை கேட்டவர் யார்?

நம்மவர் படங்களும் தப்பவில்லை

எதிரிகளை மட்டும் சொல்லிவிட்டு நம்மவரை விட்டால் அது பகுத்தறிவாகாது. எம். ஆர். ராதா நடித்த "இரத்தக்கண்ணீர்" 1954-ல் வந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குக் கேள்வி கேட்கவே பழக்கம் வந்தது. ஆனாலும் சொல்லுகிறேன்: பணக்கார மோகன் தானாகக் காந்தா வீட்டுக்குப் போகிறான்; கட்டின பெண்டாட்டியைத் தள்ளுகிறான்; தாயை உதைக்கிறான். ஆனால் படம் பார்த்துத் திரும்புகிற ஜனங்கள் "காந்தா கெடுத்தாள்" என்றுதான் பேசிக்கொண்டு வருகிறார்கள். குஷ்டம் வந்த மோகனைப் பார்த்து அழுகிறார்கள். காந்தாவை அந்தத் தொழிலில் வளர்த்தவர் யார் என்று கேட்பதில்லை. தாசி வீட்டுக்குப் போனால் குஷ்டம் வரும் என்ற எண்ணமும் ஜனங்கள் மனதில் நின்றுவிட்டது. அது தவறு. குஷ்டம் ஒரு கிருமியால் வருவது. நார்வே தேசத்து ஹான்சன் என்ற வைத்தியர் 1873-லேயே அதைக் கண்டுபிடித்தார். அது சம்போகத்தால் வருகிற வியாதி அல்ல. பாவத்தின் கூலியும் அல்ல. 1981 முதல் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்கிற கூட்டு மருந்தை ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சாப்பிட்டால் குணமாகிவிடும். ராதாவை மெச்சுகிற நாமே இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லுவார்கள்?

1973-ல் கே. பாலசந்தர் "அரங்கேற்றம்" எடுத்தார். தமிழில் இந்த விஷயத்தைத் துணிந்து எடுத்த படம் என்று அதைச் சொல்லவேண்டும். ஒரு ஏழைப் புரோகிதர், வதவதவென்று பிள்ளைகள், மூத்த மகள் லலிதா. பிரமீளா அந்த வேஷம் போட்டார். வீட்டுப் பட்டினிக்காகவும் தம்பி தங்கைகளுக்காகவும் அவள் தன்னை விற்கிறாள். அந்தப் பணத்தில் வீடு நிமிருகிறது. உண்மை தெரிந்த அன்று அதே வீடு அவளைத் தள்ளுகிறது. கடைசியில் அவளுக்குப் புத்தி பேதலித்துப் போகிறது. எங்கள் பக்கத்து ஊர்ப் பெண்ணின் கதையை முன்கூட்டியே எழுதி வைத்ததுபோல் இருக்கிறதல்லவா? அந்த மட்டில் படம் யோக்கியமானது. தின்றுவிட்டுத் துப்புகிற குடும்பத்தைப் பிடித்துக் காட்டிற்று. ஆனால் நான் கேட்பது, அவளை ஏன் பைத்தியமாக்க வேண்டும்? வீட்டை விட்டு வெளியே வந்து, ஒரு வேலை தேடிக்கொண்டு, தலை நிமிர்ந்து அவள் நடப்பதாக முடித்தால் என்ன? கெட்டுப்போனவள் என்று பேர் வாங்கினவள் சாகவேண்டும், அல்லது பைத்தியமாக வேண்டும், அல்லது சந்நியாசியாக வேண்டும். மாதவி முதற்கொண்டு நம் கதைகளில் இதுதான் விதி. போய்வந்த கோவலனுக்கோ வீட்டில் சாப்பாடும் காற்சிலம்பும் காத்திருக்கும்!

பாஷையும் ஆண் பக்கமே

நம் பாஷையையே எடுத்துக்கொள்ளுங்கள். பரத்தை, கணிகை, வேசி, தாசி, விலைமகள் என்று விற்கிறவளுக்குப் பத்துப் பேர். வாங்குகிறவனுக்கு என்ன பேர்? மைனர்! சொத்துக்கு வாரிசான சிறுவயதுப் பிள்ளை என்று அர்த்தம். அது வசவா, செல்லமா? ஒருவனை மானங்கெடத் திட்டவேண்டுமானால் அவன் தாயைச் சொல்லி, தேவடியாள் மகன் என்கிறோம். அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒரு பிள்ளை பிறக்கத் தகப்பன் வேண்டாமா? அந்தத் தகப்பன் ஊரில் எங்கேயோ பெரிய மனுஷனாக உலாவிக்கொண்டிருக்கிறானே, அவனைச் சொல்லித் திட்ட ஏன் ஒரு சொல் இல்லை? சொல்லை உண்டாக்கினவர்கள் ஆண்கள். தங்களுக்கு வேண்டாத சொல்லை அவர்கள் உண்டாக்கவில்லை. அவ்வளவுதான்.

செய்யவேண்டியது என்ன?

"அப்படியானால் வாங்குகிறவனை ஜெயிலில் போடு என்கிறாயா?" என்று கேட்பீர்கள். ஸ்வீடன் தேசத்தில் 1999 முதல் அப்படித்தான் சட்டம். விற்கிற பெண் குற்றவாளியல்ல, வாங்குகிறவனே குற்றவாளி. அதனால் தொழில் இருட்டுக்குள் ஒளிந்து நடக்கிறது, பெண்ணுக்கே ஆபத்து அதிகமாகிறது என்று அத்தொழிலில் உள்ள பெண்களின் சங்கங்களே ஆக்ஷேபிக்கின்றன. ஆகவே ஒரு சட்டத்தைச் சர்வரோக நிவாரணி என்று நான் விற்க வரவில்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையாயிருந்தால் மட்டும் இரண்டாவது பேச்சே இல்லை. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி அவன் குற்றவாளி. பிள்ளை சம்மதித்தது என்பதெல்லாம் செல்லாது.

சட்டத்தைச் சட்டசபை செய்யட்டும். நாம் செய்யக்கூடியது நம் கையில் இருக்கிறது. வடக்கே வேலை, வெளிநாட்டில் வேலை என்று ஒருவன் உங்கள் பெண்ணைக் கூப்பிட்டால், கம்பெனியின் விலாசத்தை எழுதி வாங்குங்கள். போனவளோடு வாரந்தோறும் பேசுங்கள். பணம் வந்ததா என்று கேட்பதற்கு முன் சௌக்கியமாக இருக்கிறாயா என்று கேளுங்கள். பெண்ணைப் படிக்க வைத்து, அவள் சம்பளம் அவள் கையில் இருக்கும்படி விடுங்கள். தன் கையில் சோறு உள்ளவளைப் புரோக்கர் தேடி வரமாட்டான். அக்காள் எதை விற்றாவது கொண்டுவரட்டும் என்று தங்கை கலியாணத்துக்கு நகைக்கணக்குப் போடுகிற வரதட்சணையை விடுங்கள். விலை பேசி மாப்பிள்ளையை விற்கிறவனுக்கு விலைமகள் என்று இன்னொருத்தியைச் சொல்ல வாய் எங்கிருந்து வந்தது?

படம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் பாருங்கள். பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவள் உடம்பைக் காட்டுகிற காமிரா, அவன் முகத்தைக் காட்டுகிறதா? காட்டினால் அது நல்ல படம். காட்டாவிட்டால், அதை எடுத்தவனும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டவன்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, டீக்கடையில் எவனாவது நாளைக்கு வந்து, "இன்னாரை இன்ன இடத்தில் பார்த்தேன்" என்று பல்லைக் காட்டினால், சிரிக்காதீர்கள். டம்ளரைக் கீழே வையுங்கள். "அவள் கதை இருக்கட்டும் அண்ணாச்சி; நீர் அங்கே எதற்குப் போனீர்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கை ஓங்க வேண்டாம், வசவு வேண்டாம், கேள்வி போதும். அந்தக் கேள்விக்குப் பிறகு அவன் அடுத்த கடைக்குப் போய் அந்தப் பேச்சை எடுக்கமாட்டான். ஒரு பெண்ணின் முகத்தில் ஒரு கதவு சாத்தப்படாமல் இருக்கும்.

இதோ நமக்குப் பின்னால் நிற்கிற இந்தக் கோட்டையைப் பாருங்கள். குளச்சலில் 1741-ல் பிடிபட்ட டிலனாய் என்ற டச்சுக்காரனைக் கொண்டே மார்த்தாண்டவர்மா கட்டுவித்த கருங்கல் மதில் இது. கடல்வழியே எதிரி வருவான் என்று கட்டினார்கள். நாமும் பெண்ணைச் சுற்றி இப்படி ஒரு மதில் கட்டி வைத்துக்கொண்டு, ஆண் போய்வரப் பின்பக்கம் ஒரு திட்டிவாசல் வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த வாசலில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தால் போதும். போகிறவன் முகம் தெரிந்துவிடும். நான் 20 வருஷத்துக்கு முன் ஏற்றத் தவறின விளக்கு அது. நீங்களாவது ஏற்றுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.